குரோனெக்கர் கண்ட சார்பு வளையம்

கணிதம் கற்போர் தேற்றங்களையும் அவற்றின் நிறுவல்களையும் கற்கின்றனர். அவை தோன்றிய வரலாற்றைக் கற்போர் மிகச் சிலரே. அதனால், இன்று நூல்களிற் காணப்படும் முறை ஒன்றே தொடக்கம் முதல் இருந்து வந்தது என்னும் மயக்கம் மாணாக்கர்க்கு எளிதில் உண்டாகின்றது. உண்மை அதுவன்று. ஒரே வினாவுக்கு இரண்டு விடைகள் பிறந்து, அவற்றுள் ஒன்று புகழ்பெற, மற்றையது ஒதுக்கப்பட்டு, பின்னர் ஒதுக்கப்பட்டதே வேறோர் உருவில் மீண்டு வந்து பயன் தந்த செய்திகள் கணித வரலாற்றில் உண்டு. அத்தகையதொரு செய்தியே இக்கட்டுரையின் பொருள். ஜேர்மன் நாட்டுக் கணித அறிஞர் லியோப்போல்ட் குரோனெக்கர் 1882ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்தொன்று அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலோராற் கவனிக்கப்படாதிருந்து, 1936ஆம் ஆண்டில் வொல்ப்காங் குருல் என்பவரால் விகிதமுறு சார்புகளாலாய ஒரு வளையமாக மீண்டும் எழுப்பப்பட்டது. அவ்வரலாற்றை உயர்தர வகுப்பு மாணாக்கரும் விளங்கிக்கொள்ளத்தக்க முறையிற் கூறுவதே நம் நோக்கம்.

ஒருமை குலைந்த இடம்

ஒன்றினும் பெரிய நிறைவெண் ஒவ்வொன்றையும் முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரே வகையில் மாத்திரம் எழுதலாம் என்பது கீழ் வகுப்புகளிலேயே நாம் கற்பிக்கும் உண்மை. 60 என்பதை 2, 2, 3, 5 என்பவற்றின் பெருக்கமாக எழுதுகின்றோம். எவர் எழுதினும் காரணிகளின் வரிசை மாறலாமேயன்றிக் காரணிகள் மாறா. கௌஸ் 1801ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எண்கணித ஆய்வுகள்’ என்னும் நூலில் இவ்வுண்மை முறைப்படி நிறுவப்பட்டுள்ளது. இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதை, அதாவது பொ.கா.பெ.யை, முதன்மைக் காரணிகளைக் கொண்டு நாம் காண்பதும் இதன் துணைகொண்டே.

எண்களின் எல்லையை விரித்தபோது இவ்வொருமை குலைந்தது. நிறைவெண்களோடு √−5 என்பதையும் சேர்த்து, அ + ஆ√−5 என்னும் வடிவிலுள்ள எண்கள் யாவற்றையும் எடுத்துக்கொள்வோம். இங்கே அ, ஆ என்பன நிறைவெண்கள். இவ்வெண்களைத் தம்முட் கூட்டினும் கழிப்பினும் பெருக்கினும் அதே வடிவிலுள்ள எண்ணே கிடைக்கும். இத்தகைய தொகுதியை வளையம் என்பர். பெருக்கலில் வரிசை மாறினும் விடை மாறாமையும், பூச்சியமல்லாத இரண்டின் பெருக்கம் பூச்சியமாகாமையும், 1 என்னும் எண்ணைக் கொண்டிருத்தலும் ஆகிய பண்புகளையுடைய வளையம் எண் அரங்கம் எனப்படும். நாம் எடுத்துக்கொண்ட தொகுதி ஓர் எண் அரங்கம். இதனுள்,

6 = 2 × 3 = (1 + √−5)(1 − √−5)

என 6 இருவகையாகப் பிரிகின்றது. இந்நான்கு காரணிகளுள் எதனையும் இவ்வரங்கத்தினுள் மேலும் பிரித்தல் இயலாது. 2, 1 + √−5 ஆகிய இரண்டுக்கும் +1, −1 அன்றிப் பொதுக் காரணி வேறில்லை. ஆயினும் 2 என்பது (1 + √−5)(1 − √−5) என்னும் பெருக்கத்தை வகுக்கின்றது. அதன் காரணிகளுள் ஒன்றையேனும் வகுக்கவில்லை. பொதுக் காரணி ஒன்று உள்ளே மறைந்து நிற்பதுபோன்ற தோற்றம் இது. அம்மறைந்த காரணியை வெளிக்கொணர்வது எவ்வாறு? இதுவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கணித அறிஞரை எதிர்நோக்கிய வினா.

ஆசிரியரும் மாணாக்கரும்

இவ்வினாவை முதலிற் கண்டு அதற்கு விடையும் கண்டவர் ஏணஸ்ட் கும்மர். இவர் 1810ஆம் ஆண்டிற் பிறந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியராகுமுன் 1832 முதல் 1842 வரை லீக்னிற்ஸ் என்னும் ஊரிலுள்ள கல்லூரியிற் பள்ளி ஆசிரியராகவே பணியாற்றினார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் லெக்னிற்சா என வழங்குகின்றது. அங்கே இவரிடம் பயின்ற மாணாக்கருள் ஒருவர், அவ்வூரிலேயே 1823ஆம் ஆண்டிற் பிறந்த குரோனெக்கர். பள்ளியிற் தொடங்கிய ஆசிரிய மாணாக்கத் தொடர்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. கும்மர் பிறெஸ்லோப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபின், குரோனெக்கரும் அங்குச் சென்று சிறிது காலம் பயின்றார்.

ஒன்றின் மூலங்களைச் சேர்த்துப் பெறும் எண்களைக் கும்மர் ஆராய்ந்தபோது, 23ஆம் மூலங்களாலாய அரங்கத்திற் காரணிப்படுத்தலின் ஒருமை குலைவதைக் கண்டார். 1847ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் நாள் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் லாமே என்பவர் பேர்மாவின் இறுதித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக அறிவித்தார். அவர் கூறிய முறை இவ்வொருமை எங்கும் உண்டு என்னும் எடுகோளிலேயே தங்கியிருந்தது. லியூவில் அவ்விடத்திலேயே ஐயம் எழுப்பினார். பின்னர்க் கும்மரின் கடிதம் வந்து, அவ்வெடுகோள் பொருந்தாது என்பதை உறுதிப்படுத்தியது. பொருந்தாமையைக் காட்டியதோடு கும்மர் அமையவில்லை. அரங்கத்தினுட் காணப்படாத ‘இலட்சிய எண்கள்’ சிலவற்றைக் கொள்வோமாயின் ஒருமை மீளும் எனவும் காட்டினார். ஆயினும் அவ்விலட்சிய எண்கள் யாவை என அவர் நேரே கூறினாரல்லர். அவற்றால் வகுபடுதல் யாது என்பதையே வரையறுத்தார். அவர் ஆராய்ந்த அரங்கங்களும் ஒருவகைப்பட்டனவே. எல்லா அட்சரகணித எண்களுக்கும் பொருந்தும்வண்ணம் இதனை விரிப்பது அடுத்த தலைமுறையின் பணியாயிற்று.

இரண்டு விடைகள்

அப்பணியை இருவர் தனித்தனியே செய்தனர். ஒருவர் றிச்சாட் டெடிக்கின்ட், மற்றவர் குரோனெக்கர்.

டெடிக்கின்ட் 1831ஆம் ஆண்டிற் பிறவுன்சுவைக் நகரிற் பிறந்தவர். கௌசிடம் இறுதியாகக் கலாநிதிப் பட்டம் பெற்ற மாணாக்கர். டிரிக்லேயின் எண்கணித விரிவுரைகளைப் பதிப்பித்த இவர், அதன் 1871ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்த்த அனுபந்தத்திலே தம் விடையை வெளியிட்டார். மறைந்த காரணி எது என்று தேடாது, அக்காரணி இருப்பின் அதனால் வகுபடக்கூடிய எண்கள் யாவை என நோக்கி, அவ்வெண்கள் யாவற்றின் தொகுதியையே அக்காரணியின் இடத்தில் வைப்பது அவர் முறை. 2, 1 + √−5 ஆகிய இரண்டையும் அரங்கத்து எண்களாற் பெருக்கிக் கூட்டிப் பெறும் எண்கள் யாவும் ஒரு தொகுதி. அத்தொகுதியே இவ்விரண்டின் பொ.கா.பெ. கும்மரின் சொல்லை நினைவூட்டி, இத்தொகுதிக்கு ஐடியல் எனப் பெயரிட்டார் டெடிக்கின்ட். சீர்மம் என்பது தமிழ்க் கணித நூல்களில் வழங்கும் பெயர். முடிவுள்ள படியுடைய எண் களமொன்றின் அட்சரகணித நிறைவெண்கள் யாவற்றையும் கொண்ட அரங்கத்திற் பூச்சியமல்லாத சீர்மங்கள் முதன்மைச் சீர்மங்களின் பெருக்கமாக ஒரே வகையிற் பிரியும் என அவர் நிறுவினார்.

குரோனெக்கரின் முறை வேறு. கலாநிதிப் பட்டம் பெற்ற 1845ஆம் ஆண்டின்பின் பத்தாண்டுக் காலம் குடும்பத்தின் வணிக அலுவல்களை அவர் கவனித்து வந்தார். 1855இற் பேர்லின் திரும்பிக் கணிதத்திலேயே ஆழ்ந்தார். அவருடைய கொள்கை விரைவில் வெளிவரும் எனக் கும்மர் 1859ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டிருந்தார். அது வெளிவந்தது 23 ஆண்டுகளின் பின்னரே. கும்மர் கலாநிதிப் பட்டம் பெற்று 50 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடுமுகமாகக் குரோனெக்கர் சமர்ப்பித்த நீண்ட ஆய்வுரை 1882ஆம் ஆண்டிற் கிறெல்லேயின் சஞ்சிகையின் 92ஆம் தொகுதியில் இடம்பெற்றது. டெடிக்கின்டும் வேபரும் சேர்ந்து சீர்ம முறையை அட்சரகணிதச் சார்புகளுக்குப் பயன்படுத்தி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் அதே தொகுதியிலே வெளிவந்தது. இரு வழிகளும் ஒரே ஏட்டின் அட்டைகளுக்கிடையே அருகருகே நின்றன.

மறைந்த காரணிக்கு ஈடாக முடிவிலாத் தொகுதி ஒன்றைக் கொள்வது குரோனெக்கருக்கு உடன்பாடன்று. எண்ணிக் காட்டவும் கணித்துப் பெறவும் கூடியதையே கணிதப் பொருளாக அவர் ஏற்றார். ஆகவே 2, 1 + √−5 ஆகிய இரண்டையும் குணகங்களாக வைத்து, 2 + (1 + √−5)ய என ஒரு கோவை எழுதினார். இங்கே ய என்பது ஒரு மாறி. அது எந்த எண்ணையும் குறிப்பதன்று. இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தாங்கி நிற்பதே அதன் பணி. அக்கோவையே இரண்டு எண்களின் பொ.கா.பெ. என்றார் குரோனெக்கர். இது வெறுஞ் சொல்லன்று, உண்மையே எனக் காட்டுதற்குக் கௌசின் பழைய தேற்றமொன்று வேண்டும்.

கௌசின் தேற்றமும் அதன் விரிவும்

ஒரு பல்லுறுப்பியின் குணகங்கள் யாவற்றினதும் பொ.கா.பெ.யை அதன் உள்ளடக்கம் என்போம். 4 + 6ய என்பதன் உள்ளடக்கம் 2. உள்ளடக்கம் 1 ஆயின் அப்பல்லுறுப்பி தூயது எனப்படும். நிறைவெண் குணகங்களையுடைய இரண்டு தூய பல்லுறுப்பிகளின் பெருக்கமும் தூயதே. ஆகவே பெருக்கத்தின் உள்ளடக்கம் உள்ளடக்கங்களின் பெருக்கமேயாகும். இது கௌசின் துணைத்தேற்றம் என வழங்குவது. அவருடைய 1801ஆம் ஆண்டு நூலின் 42ஆம் பிரிவில் இதற்கு நிகரான கூற்று உள்ளது.

நிறைவெண்களுக்குப் பொருந்தும் இது எல்லா எண் அரங்கங்களுக்கும் பொருந்துமா? குணகங்களின் பொ.கா.பெ. அரங்கத்தினுள் இல்லாதவிடத்து, அக்குணகங்கள் பிறப்பிக்கும் சீர்மத்தையே உள்ளடக்கம் எனக் கொள்ளல் வேண்டும். அவ்வாறு கொண்டபோதும் எல்லாவிடத்தும் பொருந்தாது. அ + 2ஆ√−1 என்னும் வடிவ எண்களாலாய அரங்கத்தை எடுத்துக்கொள்க. 2√−1 + 2ய, 2√−1 − 2ய ஆகிய இரண்டையும் பெருக்கினால் −4 − 4ய² கிடைக்கும். பெருக்கத்தின் உள்ளடக்கம் 4 இன் மடங்குகள் மாத்திரமே. ஆனால் இரண்டு உள்ளடக்கங்களையும் பெருக்குமிடத்து, 2 × 2√−1, அதாவது 4√−1 என்பதும் வந்துசேரும். √−1 அவ்வரங்கத்தில் இல்லாமையால் 4√−1 அங்கே 4 இன் மடங்காகாது. தேற்றம் இவ்விடத்துப் பொய்க்கின்றது.

பொய்த்ததற்குக் காரணம் யாது? √−1 என்பது ய² + 1 = 0 என்னும் சமன்பாட்டின் மூலம்; அச்சமன்பாட்டின் தலைக்குணகம் 1; அவ்வரங்கத்து எண்களாலாய பின்னமாகவும் √−1 ஐ எழுதலாம். இத்தகைய மூலங்கள் அரங்கத்தின் பின்னங்களிடையே இருந்தும் அரங்கத்தினுள் இல்லாதிருப்பதே குறை. இக்குறையில்லாத அரங்கத்தை இக்கட்டுரையில் நிறைவுற்ற அரங்கம் என வழங்குவோம். குரோனெக்கர் 1883ஆம் ஆண்டிற் கூறிய தேற்றமொன்றும், டெடிக்கின்ட் 1892ஆம் ஆண்டிற் பிறாக் நகரத்து வெளியீடொன்றில் எழுதிய கட்டுரையும் இதனைத் தெளிவாக்கின. அட்சரகணித எண்களைக் குணகமாகக் கொண்ட இரண்டு பல்லுறுப்பிகளின் பெருக்கத்தில் வரும் குணகங்கள் யாவும் அட்சரகணித நிறைவெண்களாயின், முதற் பல்லுறுப்பியின் எக்குணகத்தையும் இரண்டாவதன் எக்குணகத்தாற் பெருக்கினும் அட்சரகணித நிறைவெண்ணே கிடைக்கும் என்பது அதன் பொருள். அதே 1892ஆம் ஆண்டில் வியன்னாவில் மேர்த்தென்ஸ் என்பவரும் இதனோடு தொடர்புடைய முடிபொன்றை வெளியிட்டார். இன்று டெடிக்கின்ட் – மேர்த்தென்ஸ் துணைத்தேற்றம் என வழங்குவது அதுவே. 1891ஆம் ஆண்டு டிசெம்பரிற் குரோனெக்கர் காலமாகிவிட்டார். அவர் வழியின் அடித்தளமாயமைந்த தேற்றத்தை அவர் மறைந்த அடுத்த ஆண்டிலே எதிர்வழியைச் சார்ந்தவரே எழுதி வெளியிட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கணக்கால் விளங்கும் உண்மை

இனி நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். ப = 2 + (1 + √−5)ய எனவும், √−5 இன் குறியை மாற்றிப் பெறும் கோவை ப′ = 2 + (1 − √−5)ய எனவும் கொள்க. இரண்டையும் பெருக்கினால்,

ப × ப′ = 4 + 4ய + 6ய² = 2(2 + 2ய + 3ய²)

எனக் கிடைக்கும். அடைப்பினுள் உள்ள பல்லுறுப்பியைக் க என்க. அதன் குணகங்கள் 2, 2, 3, அது தூயது. தூய பல்லுறுப்பிகள் யாவற்றையும் அலகாக, அதாவது 1 ஐப் போல எதனையும் மீதியின்றி வகுக்கக்கூடியனவாகக் கொள்ளலாம் என்பதே குரோனெக்கரின் துணிபு. விகிதமுறு சார்புகளின் மொழியிற் கூறின், தொகுதியின் உள்ளடக்கத்தைப் பகுதியின் உள்ளடக்கம் வகுக்கும் பின்னங்கள் யாவற்றையும் திரட்டி ஒரு வளையமாக்குகின்றோம். கௌசின் தேற்றம் பொருந்துமிடத்தில் இவ்வளையம் முரணின்றி நிற்கும்.

இவ்வளையத்தில் 2 ஐப் ப ஆல் வகுத்தால் ப′/க கிடைக்கும். க தூயதாகையால் இப்பின்னம் வளையத்தினுள்ளதே. எனவே 2 ஐப் ப வகுக்கின்றது. அவ்வாறே 1 + √−5 ஐப் ப ஆல் வகுத்தால், (1 + √−5 + 3ய)/க கிடைக்கும். அதுவும் வளையத்தினுள்ளதே. ஆகவே ப இரண்டுக்கும் பொதுக் காரணி. இரண்டையும் வகுக்கும் வேறெதுவும் 2 + (1 + √−5)ய என்பதையும் வகுக்குமாகையால், பொதுக் காரணிகளுட் பெரியதும் அதுவே. மறைந்திருந்த காரணி கையிற் கிடைத்துவிட்டது. 3 இலிருந்தும் இதுபோலவே ம = 3 + (1 + √−5)ய என்னும் காரணியைப் பெறலாம். அப்பாற் 2 என்பது ப × ப′ எனவும், 3 என்பது ம × ம′ எனவும், 1 + √−5 என்பது ப × ம எனவும், 1 − √−5 என்பது ப′ × ம′ எனவும், அலகுக் காரணி ஒன்று நீங்கலாக, அமைவதைக் காணலாம். 6 இன் இருவகைப் பிரிவும் ஒரே நான்கு காரணிகளை வேறு வேறாகச் சோடி சேர்த்தமையேயன்றி வேறில்லை.

சீர்மத்தாலும் இதே முடிபைப் பெறலாம் என்பது மெய்யே. ஆயினும் குரோனெக்கரின் முறையில் இரண்டு சிறப்புகள் உள. ஒன்று, பொ.கா.பெ. என்பது தொகுதியாகாது, எழுதிக் காட்டத்தக்க கோவையாகவே கிடைக்கின்றது. மற்றையது, எண்களின் எல்லையை மேலும் விரித்தாலும் அக்கோவையை மாற்றவேண்டுவதில்லை. சீர்மமோ எல்லை விரியுந்தோறும் புதிதாக எழுதப்படல் வேண்டும்.

மறைவும் மீட்சியும்

இத்தகைய சிறப்புடைய முறை ஏன் பின்தள்ளப்பட்டது? டெடிக்கின்ட் தம் கொள்கையைத் திருத்தித் திருத்தி மேலும் இரு பதிப்புகளில் எளிமையாக்கினார். குரோனெக்கரின் ஆய்வுரையோ கற்போர்க்குக் கடினமானது. பல செய்திகளை நிறுவலின்றிச் சுட்டிச் செல்வது. வேபர் தமது அட்சரகணிதப் பெருநூலின் இரண்டாம் பாகத்தில் (1896) குரோனெக்கரின் வழியையே தழுவி எழுதியபோதிலும், 1897இல் வெளிவந்த ஹில்பேட்டின் எண் அறிக்கை சீர்மத்தின் மொழியிலேயே பேசியது. இளைஞர் அதனையே பின்பற்றினர். 1920ஆம் ஆண்டுகளில் எம்மி நோதர் சீர்மக் கொள்கையை எண்களிலிருந்து பிரித்து, வளையங்களுக்கெல்லாம் பொதுவாக்கினார். எல்லாம் டெடிக்கின்டிடத்தே உள்ளன என்று அவ்வம்மையார் அடிக்கடி கூறுவாராம்.

அம்மையாரின் செல்வாக்குக்குட்பட்ட ஒருவரே குரோனெக்கரை மீட்டெடுத்தார். 1899இற் பிறந்த வொல்ப்காங் குருல், 1920ஆம் ஆண்டளவிற் கொற்றிங்கன் நகரிற் பயின்று நோதரின் கருத்துகளை உள்வாங்கியவர். 1928 முதல் 1939 வரை எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர். முதன்மைச் சீர்மங்களாகப் பிரிதல் என்பதே இல்லாத அரங்கங்களை அவர் ஆராயப் புகுந்தார். அட்சரகணித நிறைவெண்கள் யாவற்றையும் ஒருங்கே கொண்ட அரங்கத்தை நோக்குக. அங்கே 2 என்பது √2 × √2 ஆகப் பிரியும்; √2 மீண்டும் தன் வர்க்கமூலங்களாகப் பிரியும்; இப்பிரிவுக்கு முடிவே இல்லை. முதன்மை எண் என்பதே அங்கில்லை. டெடிக்கின்டின் தேற்றம் இவ்விடத்துப் பயனற்றுப்போகும். ஆனால் முதன்மைக் காரணி இல்லாதவிடத்தும் பொ.கா.பெ. இருத்தல் கூடும். குரோனெக்கர் முதன்மையாகக் கொண்டதும் பொ.கா.பெ.யையே.

குருல் இதற்குக் கைக்கொண்ட கருவி மதிப்பீடு என்பது. ஓர் எண்ணை 2 எத்தனை தரம் வகுக்கின்றது என எண்ணுவது ஒரு மதிப்பீடு. 12 க்கு அம்மதிப்பு 2. இரண்டு எண்களைப் பெருக்கும்போது மதிப்புகள் கூடும். பல்லுறுப்பியின் மதிப்பை அதன் குணகங்களின் மதிப்புகளுட் சிறியதாகக் கொண்டால், பல்லுறுப்பிகளைப் பெருக்கும்போதும் மதிப்புகள் கூடும். கௌசின் தேற்றமே இது. இவ்வடிவில் அது எவ்விடத்தும் பொய்ப்பதில்லை. நிறைவுற்ற அரங்கம் எதுவும், அதன்மீது அமையும் மதிப்பீட்டு வளையங்கள் யாவற்றுக்கும் பொதுவான பகுதியே எனக் குருல் 1932ஆம் ஆண்டில் நிறுவினார். அம்மதிப்பீடுகள் யாவற்றினாலும் பூச்சியத்திற் குறையாத மதிப்பைப் பெறும் விகிதமுறு சார்புகளை ஒன்றுசேர்த்து, 1936ஆம் ஆண்டில் அவர் அமைத்த வளையத்துக்குக் குரோனெக்கரின் சார்பு வளையம் எனப் பெயரிட்டார். எந்நிறைவுற்ற அரங்கத்திலிருந்து தொடங்கினும், இவ்வளையத்தில் எந்த இரண்டு உறுப்புகளுக்கும் பொ.கா.பெ. உண்டு, அதனை அவ்வுறுப்புகளின் மடங்குகளைக் கூட்டியே பெறலாம். முதன்மைக் காரணிகள் வேண்டியதேயில்லை.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. குருல் எடுத்துக்கொண்ட மதிப்பீடுகளின் கூட்டம் பெரும்பாலும் முடிவிலாதது. எண்ணிக் காட்ட இயலாதது. குரோனெக்கர் உயிரோடிருந்திருப்பின் அக்கருவியை ஏற்றிருக்கமாட்டார். அவர் வெறுத்த முறையின் துணைகொண்டே அவர் கருத்து மீண்டும் உயிர்பெற்றது.

நாகாட்டா வளையமும் பின்வந்த முடிபுகளும்

மாறி ஒன்றைச் சேர்த்து அரங்கத்தைச் செம்மைப்படுத்தும் இவ்வுபாயம் வேறோர் உருவிலும் பயன்பட்டது. எந்த வளையத்திலும், குணகங்கள் சேர்ந்து 1 ஐப் பிறப்பிக்கும் பல்லுறுப்பிகளை மாத்திரம் பகுதியாகக் கொண்டு பின்னங்கள் அமைக்கலாம். அத்தகைய இரண்டு பல்லுறுப்பிகளின் பெருக்கமும் அத்தகையதே என்பது எவ்வகை நிபந்தனையும் வேண்டாத உண்மை. குருல் 1943ஆம் ஆண்டிற் பயன்படுத்திய இவ்வளையத்தை, யப்பானிய அறிஞர் மசயோஷி நாகாட்டா (1927–2008) 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் சிறப்பாகக் கையாண்டார். அதனால் நாகாட்டா வளையம் என்னும் பெயர் நிலைத்தது.

இதன் பயன் யாதெனின், எஞ்சும் களத்தை முடிவிலதாக்குதல். ஒரு வளையத்தை அதன் மீப்பெருஞ் சீர்மத்தால் வகுத்து எஞ்சும் களத்தில் 0, 1 என்னும் இரண்டு உறுப்புகளே இருக்கலாம். பொதுவான நிலையிலுள்ள உறுப்பு ஒன்றைத் தெரிந்தெடுக்கவேண்டிய நிறுவல்களில் இவ்வறுமை பெருந்தடை. நோத்கொற்றும் றீசும் 1954ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், எஞ்சும் களம் முடிவிலதாதல் வேண்டும் என்னும் நிபந்தனை முதன்மை பெற்றது. நாகாட்டா வளையத்துக்குச் சென்றால் எஞ்சும் களம் மாறி ஒன்றையுடைய விகிதமுறு சார்புகளின் களமாகிவிடும். வளையத்தின் ஏனைய பண்புகள் பெரும்பாலும் குலைவதில்லை. எண்ணிக்கை போதாதவிடத்து மாறியே அக்குறையை நிரப்புகின்றது.

இனி எழும் வினா, இவ்விரண்டு வளையங்களும் எப்போது ஒன்றாகும் என்பது. நாகாட்டா வளையம் எப்போதும் குரோனெக்கர் வளையத்தினுள் அடங்கும். 1932ஆம் ஆண்டில் ஹைன்ஸ் புரூஃபர் ஆராய்ந்த ஒருவகை அரங்கங்கள் உள. முடிவுள்ள உறுப்புகளாற் பிறப்பிக்கப்பட்ட, பூச்சியமல்லாத சீர்மம் ஒவ்வொன்றும் பெருக்கல் நேர்மாறு உடையதாயிருப்பது அவற்றின் இலக்கணம். அவர் 1934ஆம் ஆண்டில் 38 வயது நிரம்புமுன்னரே காலமானார். கௌசின் உள்ளடக்கத் தேற்றம் மாற்றமின்றிப் பொருந்தும் எண் அரங்கங்கள் புரூஃபர் அரங்கங்களே என்பதை 1965இற் சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வேட்டில் ஹ்வா ட்சாங் அம்மையாரும், 1967இல் றொபேட் கில்மரும் நிறுவினர். இரண்டு வளையங்களும் ஒன்றாவதும் அரங்கம் புரூஃபர் அரங்கமாயிருக்கும்போது மாத்திரமே என 1969ஆம் ஆண்டில் ஆர்னல்ட் காட்டினார். 1801இற் கௌஸ் எழுதிய ஒரு பிரிவும், 1882இன் குரோனெக்கரும், 1932இன் புரூஃபரும் இவ்வாறு ஒரே இடத்திற் சந்தித்தனர்.

2003ஆம் ஆண்டில் ஒஸ்திரியா நாட்டுக் கிராட்ஸ் நகரத்தவரான பிரான்ஸ் ஹால்ட்டர்-கொக் இவ்வளையங்களுக்கு மிக எளியதோர் இலக்கணம் வகுத்தார். அதில் இரண்டே நிபந்தனைகள். ய என்பதும் 1/ய என்பதும் வளையத்தினுள் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பல்லுறுப்பியும் தன் மாறிலி உறுப்பை வளையத்தினுள் வகுத்தல் வேண்டும். இவ்விரண்டிலிருந்து மற்றவை தொடர்வதை மாணாக்கரும் தாமே சரிபார்க்கலாம். பல்லுறுப்பி ஒன்றை ‘மாறிலி + ய × எஞ்சியது’ என எழுதுக. அது மாறிலியை வகுப்பதால், ய × எஞ்சியது என்பதையும் வகுக்கும். ய ஓர் அலகாகையால், எஞ்சிய பல்லுறுப்பியையே வகுக்கும். எஞ்சியது தன் மாறிலியை வகுக்குமாகையால், முதற் பல்லுறுப்பியும் அதனை வகுக்கும். இவ்வாறே தொடர்ந்தால், பல்லுறுப்பி தன் குணகங்கள் யாவற்றையும் வகுக்கின்றது. குணகங்கள் யாவற்றையும் வகுப்பது எதுவும் பல்லுறுப்பியையும் வகுக்கும். ஆகவே பல்லுறுப்பியே தன் குணகங்களின் பொ.கா.பெ. 1882இற் குரோனெக்கர் கூறியது இதுவன்றோ!

முடிவுரை

ஹேர்மன் வைல் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்சரகணித எண் நூலிற் குரோனெக்கரின் பக்கம் சாய்ந்து பேசினார். 1990ஆம் ஆண்டில் ஹரல்ட் எட்வேட்ஸ் அவ்வழியிலேயே ஒரு முழு நூல் எழுதினார். இவற்றைக்கொண்டு டெடிக்கின்ட் தோற்றார் எனக் கூறுதல் பேதைமை. சீர்மம் இன்றி இன்றைய அட்சரகணிதம் இல்லை. ஆனால் ஒரு வழி வென்றதனால் மற்றைய வழி பிழையாகிவிடாது என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி. சீர்மத்தின் மொழியிற் பயின்ற குருலுக்கு, அம்மொழி போதாத இடத்திற் கைகொடுத்தது அதன் போட்டியாளரின் கருத்தே. குரோனெக்கரை வெறும் எதிர்ப்பாளராக மாத்திரம் நினைவுகூர்ந்து அவர் நூலைத் திறவாதிருந்திருப்பின், குருலுக்கு அக்கருவி கிடைத்திராது.

பள்ளி ஆசிரியராகிய நமக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. லீக்னிற்ஸ் நகரத்துக் கல்லூரி வகுப்பறையில் ஓர் ஆசிரியரும் ஒரு மாணாக்கரும் கொண்ட தொடர்பிலிருந்தே இக்கருத்து வளர்ந்தது. நாம் கீழ் வகுப்புகளிற் கற்பிக்கும் பொ.கா.பெ.யே அதன் வித்து. இரண்டு எண்களின் பொ.கா.பெ. காண்பது எளிய கணக்கென எண்ணிக் கடந்து செல்லும் மாணாக்கனிடம், அது எப்போதும் இருக்குமா, இல்லாவிடின் யாது செய்வது என்னும் இரண்டு வினாக்களையும் எழுப்பிவிடுதல் ஆசிரியர் கடன். கும்மரும் குரோனெக்கரும் டெடிக்கின்டும் தொடங்கியது அவ்விரண்டு வினாக்களிலிருந்தே.